வேலையில் ஓய்ந்துபோகாமல் இருக்க: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை, இலந்தைக்குளம் ஐடி பூங்கா, கப்பலூர் தொழிற்பேட்டை, தனியார் மருத்துவமனை வார்டு, உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளி என்று எங்கே வேலை பார்ப்பவராக இருந்தாலும், கொஞ்சம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தால் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பர்ன்அவுட், பணிச்சோர்வு என்கிறார்களே, அது வெறும் களைப்புதானே?

களைப்பு நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் திங்கட்கிழமை காலையில் அதே கனம் உடம்பில் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன்னுடைய நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தது. நோய் என்று சேர்க்கவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றே சேர்த்தது. வேலையிடத்து அழுத்தம் நீண்ட நாள் சரிசெய்யப்படாமல் கிடந்தால் வருவது என்று சொல்லி, மூன்று அடையாளங்களைக் கொடுத்தது. உடம்பிலும் மனதிலும் சத்தே இல்லாமல் போவது ஒன்று. வேலைமேலும் அங்கே இருக்கிற மனிதர்கள்மேலும் பிடிப்பு விட்டுப்போய் வெறுப்பு வருவது இரண்டு. என்ன செய்தாலும் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்று தோன்றுவது மூன்று.

'சரிசெய்யப்படாமல்' என்பதைக் கவனியுங்கள். அழுத்தம் எல்லா வேலையிலும் உண்டு. அதை யாரும் கண்டுகொள்ளாமல் விடும்போதுதான் ஆள் ஓய்ந்துபோகிறார்.

எனக்கு வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரத்தப் பரிசோதனை மாதிரி ஒரே சோதனையில் தெரிவதில்லை. ஆனால் கூட இருப்பவர்கள் முதலில் கவனித்துவிடுவார்கள். நேற்றுவரை வாடிக்கையாளரிடம் பத்துச் சேலையைச் சலிக்காமல் விரித்துக் காட்டியவர், இன்று இரண்டாவது சேலைக்கே முகத்தைச் சுளிப்பார். பில் போடும்போது எண் தவறும். மருந்துச்சீட்டை இரண்டு முறை படித்தும் மனதில் நிற்காது. ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசையும். தூக்கம் வராது, அல்லது தூங்கிக்கொண்டே இருக்கத் தோன்றும். தலைவலி, கழுத்துவலி, நெஞ்செரிச்சல் எல்லாம் முறை வைத்து வரும். வீட்டில் பிள்ளைகள் பேசினாலும் எரிச்சலாக இருக்கும்.

இதில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது, மேலே சொன்ன மூன்றில் இரண்டாவது அடையாளமான வெறுப்பைத்தான். தன் வேலையை நேசித்த ஒருவர் 'எவனுக்கு என்ன ஆனால் எனக்கென்ன' என்று பேச ஆரம்பித்தால், அவர் குணம் மாறிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். குணம் மாறவில்லை. அவரிடம் எடுத்துக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. 1974-ல் இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச மருத்துவமனை ஒன்றில் சேவை செய்ய வந்தவர்களிடம்தான் இதைப் பார்த்தார். முதலில் ஓய்ந்துபோவது சோம்பேறிகள் இல்லை, மனசு வைத்து வேலை பார்ப்பவர்கள்.

உடம்பில் வேறு ஏதாவது கோளாறாக இருக்குமோ?

இருக்கலாம். அதனால் முதலில் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு ஆகிய எல்லாமே ஆளை இதே மாதிரி அசத்திப் போட்டுவிடும். நம் பெண்களிடம் ரத்தச்சோகை மிகவும் பரவலாக இருக்கிறது. பலர் வருடக்கணக்காக அதைச் சுமந்துகொண்டே 'வேலை அலுப்பு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். குறட்டை பலமாக விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிபவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருக்கக்கூடும். வெயிலில் நின்று வேலை பார்ப்பவர் என்றால் சித்திரை, வைகாசியில் வெயிலே பாதி உயிரை எடுத்துவிடும். இவையெல்லாம் மருந்தாலும் சிகிச்சையாலும் சரியாகிறவை. வேலையைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இதுவும் டிப்ரஷனும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு. பணிச்சோர்வு வேலையைச் சுற்றியே இருக்கும். நாலு நாள் ஊருக்குப் போனால், பிடித்த சாப்பாடு, பழைய நண்பர்கள், கோயில் திருவிழா என்று மனசு கொஞ்சம் லேசாகும். டிப்ரஷன் என்றால் எங்கே போனாலும் கூடவே வரும். எதிலும் சந்தோஷமில்லாத நிலை, பசியும் தூக்கமும் மாறிப்போவது, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேச வேண்டும். எங்கே பேசுவது என்று கீழே சொல்லியிருக்கிறேன்.

எங்கப்பா பதினாறு மணி நேரம் கடையில் நின்றார். நான் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு முடியவில்லை என்கிறேன். நான்தான் பலவீனமானவனா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. கேட்கிறவர்கள் குரலில் இருக்கிற வெட்கம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நின்ற நேரத்தை மட்டும்தான் நாம் கணக்குப் போடுகிறோம். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அவர் மூட்டைமேல் சாய்ந்து கண்ணயர்ந்தார். யாருக்குக் கடன் கொடுப்பது, எந்த லாரியில் சரக்கு எடுப்பது, என்றைக்குச் சீக்கிரம் கடை அடைப்பது எல்லாம் அவர் முடிவு. எதிர்க்கடைக்காரரோடு தினமும் டீ உண்டு, சண்டையும் உண்டு. நாள் நன்றாகப் போனால் ராத்திரி கல்லாவை எண்ணும்போது அவர் கைக்கே தெரிந்தது. கடை வளர்ந்தால் பிள்ளைகள் படிப்பார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

இப்போது உங்கள் வேலையைப் பாருங்கள். எப்போது வேலை வரும், எவ்வளவு வரும் என்பது உங்கள் கையில் இல்லை. டார்கெட்டை யாரோ வைக்கிறார்கள். பாத்ரூம் போகக்கூடச் சில இடங்களில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நன்றாகச் செய்தால் அடுத்த மாதம் டார்கெட் கூடுகிறது, அவ்வளவுதான். ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே இதை எழுதியிருக்கிறார்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, வேலை அதிகமாகவும், அதைப் பற்றித் தானாக முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் கெடுக்கிறது.

கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆறு இடங்களைக் காட்டுகிறார்கள். வேலைப்பளு, அதன்மேல் நமக்குள்ள பிடி, உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பும் சம்பளமும், கூட இருப்பவர்களோடு உள்ள உறவு, நியாயம், நம் மனசாட்சிக்கு அந்த வேலை ஒத்துப்போகிறதா என்பது. இந்த ஆறில் எது உங்களைப் படுத்துகிறது என்று ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்த பலர், எழுதிப் பார்த்த பிறகு வேறொன்றைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 'வேலை பிரச்சினையில்லை சார், ஆனா நேத்து வந்தவனுக்கு எனக்கு மேல சம்பளம்' என்பார்கள். இது நியாயம் சார்ந்த பிரச்சினை. இதற்குப் பத்து நாள் லீவு போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. எது படுத்துகிறது என்று தெரியாமல் மருந்து தேடினால் கிடைக்காது.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரை வேலை பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று அதில் சொன்னார்கள். ஆறு நாள் வேலை, நாளுக்குப் பத்து மணி நேரம் என்றாலே 60 ஆகிவிடுகிறது. நம் ஊரில் பல கடைகளில் இதுதான் வழக்கம்.

எட்டு மணி நேரம் என்பது சும்மா கிடைத்ததும் இல்லை, தானாக நிற்பதும் இல்லை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்த பிறகு, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நேரத்தைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் நாள் முழுக்க நிற்கிறோம். உட்காரக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. 2021-ல் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று ஆக்கினார்கள். கால் நரம்பு சுருட்டி, பாதம் வீங்கி, ராத்திரி சுடுதண்ணீரில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் அருமை தெரியும். ஸ்டூல் வாங்கிப் போட்ட கடைகளும் உண்டு. ஸ்டூல் இருந்தும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிற கடைகளும் உண்டு.

அதே சட்டத்தில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் பொதுவான அளவு. அதற்கு மேல் என்றால் ஓவர்டைம் சம்பளம். வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. இது தவிர 1958-ஆம் வருடச் சட்டம் ஒன்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், ஐந்து பண்டிகை நாளும் சம்பளத்தோடு விடுமுறை என்று இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தனி ஆளாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள், அல்லது சங்கம் வழியாகப் போங்கள்.

மதுரை தூங்கா நகரம். நைட் ஷிப்ட் இங்கே புதுசா என்ன?

ஊர் தூங்காமல் இருப்பது பெருமைதான். மாட்டுத்தாவணியில் விடிவதற்கு முன்னே பூ மூட்டை இறங்குகிறது, ராத்திரி ஒரு மணிக்கும் சூடாக இட்லி கிடைக்கிறது. ஆனால் ஊர் தூங்காமல் இருக்க வேண்டுமென்றால் ஆட்கள் முறை வைத்துத் தூங்க வேண்டும். தமிழ்நாட்டில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தபோதும், ஊழியருக்கு எட்டு மணி நேரமும் வார விடுமுறையும் கட்டாயம் என்றுதான் சொன்னார்கள். கடைக்குத்தான் 24 மணி நேர அனுமதி.

இரவு வேலை பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஷிப்ட் மாறுவதாக இருந்தால் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி மாறுவது உடம்புக்குச் சுலபம். பின்னோக்கி மாற்றினால் தூக்கம் சீக்கிரம் குழம்பும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை போனைப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் தூக்கம் போய்விடும். ஜன்னலைக் கெட்டியான துணியால் மறையுங்கள். கோயில் கொடை, கல்யாண மண்டபம் என்று ஸ்பீக்கர் சத்தம் எங்கேயும் வரும், காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். காபி, டீயின் வேகம் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் ஷிப்டின் பின்பாதியில் குடிக்காதீர்கள். ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: இரவு வேலை முடிந்து கண் சொக்கிக்கொண்டு ரிங் ரோட்டில் பைக் ஓட்டாதீர்கள். ஆபீஸிலேயே இருபது நிமிஷம் சாய்ந்துவிட்டுக் கிளம்புங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பகலில் தூங்குகிறவரை 'சும்மாதானே படுத்திருக்க, கேஸ் எடுத்துட்டு வா' என்று எழுப்பாதீர்கள். உங்களுக்கு அது நடு ராத்திரி.

தீபாவளி, ஆடித் தள்ளுபடி, சித்திரைத் திருவிழா வந்தால் மூச்சு விட முடியாது. அப்போது என்ன செய்வது?

ஒரு மாதம் ஓடி உழைப்பதால் யாரும் ஓய்ந்துபோவதில்லை. அந்த மாதம் முடியாமல் அடுத்த மாதத்துக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் ஓய்ந்துபோகிறார்கள். தீபாவளி முடிந்ததும் கார்த்திகை முகூர்த்தம், அது முடிந்தால் பொங்கல், அப்புறம் ஆண்டுக் கணக்கு என்று நீளும். அதனால் சீசன் தொடங்குவதற்கு முன்பே ஓய்வைப் பேசி முடித்துவிட வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் 'இப்பத்தான் ஸ்டாக் எடுக்கணும்' என்பார்கள்.

சீசன் நடுவிலும் மூன்று விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். மத்தியானச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, ராத்திரித் தூக்கம். ஆடிட்டர் அலுவலகங்களில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் ராத்திரி இரண்டு மணிவரை உட்காருவதை வீரம் மாதிரி பேசுவார்கள். இரண்டு மணிக்குப் போட்ட கணக்கைக் காலையில் பத்து மணிக்குத் திருத்திக்கொண்டிருப்பதும் அதே ஆட்கள்தான்.

முதலாளியிடமோ மேலாளரிடமோ எப்படிப் பேசுவது? பேசினால் வேலை போய்விடுமே?

அந்தப் பயம் நியாயமானது, அதை லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் 'எனக்கு முடியல' என்று மட்டும் சொன்னால் கேட்கிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'போய் ரெஸ்ட் எடு' என்பார், மறுநாள் பழைய கதைதான். குறிப்பாக ஒன்றைக் கேட்டால் அவரால் ஆமாம், இல்லை என்று சொல்ல முடியும்.

கடை என்றால்: 'அண்ணாச்சி, தீபாவளி வரைக்கும் எத்தனை மணியானாலும் நிக்கிறேன். முடிஞ்ச மறு வாரம் மூணு நாள் சேர்ந்தாப்புல லீவு வேணும். இப்பவே சொல்லிட்டீங்கன்னா மாரியை அந்த நாளுக்குப் பழக்கி விட்டுருவேன்.' இதில் உங்கள் தேவையும் இருக்கிறது, அவர் கவலைக்கு வழியும் இருக்கிறது.

அலுவலகம் என்றால்: 'சார், இந்த மூணு வேலையும் வெள்ளிக்கிழமைக்கு ஆகாது. எது முதல்ல வேணும்னு நீங்க சொல்லுங்க, மத்ததைத் திங்கட்கிழமை தர்றேன்.' எது முக்கியம் என்று முடிவெடுப்பது மேலாளர் வேலை. அதையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு ராத்திரி முழித்திருக்காதீர்கள்.

காலையில் வந்த உடனேயோ, கூட்டத்துக்கு நடுவிலோ பேச வேண்டாம். பேசி முடித்ததை ஒரு மெசேஜாகப் பணிவாக அனுப்பி வையுங்கள். பின்னால் ஞாபகமில்லை என்ற பேச்சு வராது.

ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் வேலை வருகிறது. பார்க்காமல் இருக்க முடியுமா?

பிரான்சில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். குரூப்பை மியூட்டில் போடுங்கள். 'அவசரம்னா போன் பண்ணுங்க, மெசேஜ் காலையில பார்க்கிறேன்' என்று ஒரு தடவை எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். அப்புறம் பாருங்கள், நிஜமான அவசரம் எவ்வளவு குறைவு என்று. அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை பார்க்கும் ஐடி பிள்ளைகளுக்கு ராத்திரிப் பேச்சு தவிர்க்க முடியாதது. அவர்கள் மறுநாள் காலை தாமதமாக வருவதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

ஆபீஸ் முடிந்து வந்தால் வீட்டு வேலை. நான் எப்போது ஓய்வெடுப்பது?

இந்தக் கேள்வி பெண்களிடமிருந்து மட்டுமே வருகிறது. அதுவே பாதிப் பதில்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு வேளைக்குச் சமைத்து, டப்பா கட்டி, பிள்ளையை வேனில் ஏற்றி, திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, எட்டு மணி நேரம் வேலை பார்த்து, திரும்பிப் போய் மாவாட்டி, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துப் படுக்கிறவரிடம் தியானம் செய்யுங்கள் என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அவருக்கு வேண்டியது வேலையை வாங்கிக்கொள்கிற இன்னொரு கை.

வீட்டில் உட்கார்ந்து பேசும்போது 'கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க' என்று கேட்காதீர்கள். ராத்திரிப் பாத்திரம் கணவர் பொறுப்பு, காலையில் பிள்ளையைக் கிளப்புவது அவர் பொறுப்பு என்று முழுசாகப் பிரித்துக் கொடுங்கள். அவர் பாத்திரத்தில் பிசுக்கு இருந்தாலும் ஒரு மாதம் வாயைத் திறக்காதீர்கள், பழகிவிடுவார். மாமியாரோடு இருக்கும் வீடு என்றால் இதைக் கணவர் தன் அம்மாவிடம் தானே பேச வேண்டும், மருமகளை முன்னால் தள்ளிவிடக் கூடாது. கடைமாவு வாங்குவது, வாரம் மூன்று நாள் ராத்திரிக்கு வெளியே இட்லி வாங்குவது இதெல்லாம் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் இல்லை. நம் ஊரில் தெருவுக்குத் தெரு நல்ல இட்லிக்கடை இருக்கிறது.

நர்ஸ், டீச்சர் வேலையில் இது ஏன் அதிகம்?

அவர்கள் உடம்போடு மனசையும் வேலைக்குக் கொடுக்கிறார்கள். பெற்றவரை இழந்து அழுகிற குடும்பத்துக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ், ஐந்தே நிமிஷத்தில் அடுத்த படுக்கைக்குச் சிரித்த முகத்தோடு போக வேண்டும். அந்தச் சிரிப்பும் உழைப்புதான், ஆனால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளால் ஓய்ந்துபோனேன் என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவது, புள்ளிவிவரம் கொடுப்பது, தேர்தல் பணி என்று பாடத்துக்கு வெளியே போகும் நேரத்தைத்தான் சொல்கிறார்கள். படித்துப் பயின்ற வேலையைச் செய்ய விடாமல் வேறெதையோ செய்யச் சொல்வது ஆளை மிக வேகமாக வெறுக்க வைக்கும்.

மோசமான நாளுக்குப் பிறகு கூட வேலை பார்ப்பவர்கள் பத்து நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசும் வழக்கம் ஒரு வார்டில் இருந்தால், அதை யாரும் வெட்டிப்பேச்சு என்று கலைக்கக் கூடாது.

யோகா, வாக்கிங், கொடைக்கானல் டூர் இதெல்லாம் உதவுமா?

உதவும், அளவோடு. கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தி ஊற விட்டுத்தான் மறுபடி இறைப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை நிறுத்தினால் போதாது, தினமும் நிறுத்த வேண்டும். விடுமுறையில் கிடைக்கும் தெம்பு வேலைக்குத் திரும்பிய சில வாரத்திலேயே கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதனால் நான்கு நாள் கொடைக்கானலைவிட, தினமும் சாயங்காலம் வேலையை நினைக்காமல் இருக்கிற ஒரு மணி நேரம் பெரிது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம், கேரம் ஆடலாம், பாட்டுப் பழகலாம். மனசை முழுசாக இழுத்துக்கொள்கிற எதுவானாலும் சரி. டிவி முன்னால் போனை உருட்டிக்கொண்டு இருப்பது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் நிறுவனமே ஒரு யோகா வகுப்பு வைத்துவிட்டு ஆள் எடுக்காமல் இருந்தால், அந்த யோகாவால் ஒன்றும் ஆகாது.

ராத்திரி கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது.

கண் சீக்கிரம் அசரும், ஆனால் பாதி ராத்திரியில் விழிப்பு வந்துவிடும், ஆழ்ந்த தூக்கம் கெடும். மறுநாள் இன்னும் களைப்பு, இன்னும் குடி. இந்தச் சுற்றில் விழுந்துவிட்டதாகத் தோன்றினால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சொந்தத் தொழில், டெலிவரி வண்டி என்று இருப்பவர்களுக்கு லீவு தர யார் இருக்கிறார்கள்?

யாரும் இல்லை, அதனால்தான் கஷ்டம். டெலிவரி ஓட்டுபவருக்கு ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் இல்லை. இன்சென்டிவ் கணக்கு இன்னும் இரண்டு ஆர்டர் எடு என்று இழுத்துக்கொண்டே போகும். பெட்ரோல், வண்டித் தேய்மானம் கழித்து மணிக்கு எவ்வளவு நிற்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கடைசி இரண்டு மணி நேரம் பெரும்பாலும் கையில் ஒன்றும் நிற்காத நேரமாக இருக்கும். கோடையில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் ஓடாமல் இருக்க வழி இருந்தால் நல்லது. சிறு கடைக்காரர்கள் ஒரே தெருவில் முறை வைத்து வாரம் அரை நாள் அடைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் எங்கேயும் போய்விட மாட்டார்.

நான் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி. உங்களால் ஆவது ஊழியரால் ஆவதைவிடப் பல மடங்கு அதிகம்.

அடுத்த வாரத்து ஷிப்ட் பட்டியலை இந்த வாரமே ஒட்டுங்கள். தன் ஓய்வு நாள் என்றைக்கு என்று தெரிந்தாலே ஆள் பாதி தெளிந்துவிடுவார். ஒருவர் நின்றுவிட்டால் அவர் வேலையை மற்ற ஒன்பது பேருக்கும் நிரந்தரமாகப் பங்கு போடாதீர்கள், ஆள் எடுங்கள். நல்லபடி வேலை பார்க்கிறவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதீர்கள், முதலில் ஓய்ந்துபோவது அவர்தான். திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள், பாராட்டுவதாக இருந்தால் எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள். நீங்களும் லீவு எடுங்கள். முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தால், வராதே என்று அவர் சொன்னாலும் ஊழியருக்கு வராமல் இருக்க மனம் வராது.

உதவி வேண்டுமென்றால் எங்கே போவது?

டெலி மானஸ் என்ற தேசிய மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். நேரில் போக வேண்டுமென்றால் கோரிப்பாளையம் பக்கத்து அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறவர்களுக்குப் போனில் பேசுவது நல்ல தொடக்கம். 2017-ஆம் வருட மனநலச் சட்டத்தின்படி, உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

சில இடங்களை விட்டுத்தான் ஆக வேண்டும். பேசிப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை, அவமானம் தினசரி, பொய் சொல்லி விற்கச் சொல்கிறார்கள் என்றால் அங்கே இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ரொம்ப ஓய்ந்துபோன வாரத்தில், கோபத்தில் முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் முதலில் ஒரு வாரம் லீவு போட்டு நன்றாகத் தூங்குங்கள், அப்புறம் யோசியுங்கள். அதே நிறுவனத்தில் வேறு பிரிவு, வேறு ஷிப்ட், வேறு கிளை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்று நான்கு மாத வீட்டுச்செலவு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருடச் சர்வீஸ் முடியச் சில மாதமே இருந்தால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம், அந்த மாதங்களில் ஓவர்டைம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று வேலைக்குச் சேர்ந்தபோது தந்த ஆர்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். புது இடத்தில் நேர்காணலின்போது, வார விடுமுறை என்றைக்கு, இதற்கு முன் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார் என்ற இரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.